அலமாரியில் இருந்த நெஞ்சுகள்

எங்கள் குடும்பத்தில் ஆண்கள் யாரும் தாத்தா ஆனதில்லை. அப்பா நாற்பத்தாறில் போனார். பெரியப்பா மகன் முப்பத்தொன்பதில். அண்ணனுக்கு நாற்பத்து நாலு முடிய இரண்டு வாரம் இருந்தது. என் வீட்டுக்காரர் நாற்பத்திரண்டு. எல்லாருக்கும் ஒரே மாதிரி முடிவுதான். முதலில் இருமல், பிறகு மாடிப்படியில் நின்று நின்று ஏறுவது, பிறகு தலையணை மேல் தலையணை வைத்து உட்கார்ந்தே தூங்குவது. நம்ம ரத்தத்திலேயே நெஞ்சு பலவீனம் என்று பிணம் கிடக்கிற வீட்டில் யாராவது ஒரு அத்தை சொல்வாள், நாங்களும் தலையாட்டுவோம். என் வீட்டுக்காரர் சொந்தத்தில் இல்லாமல் அசலில் இருந்து வந்தவர். அவருடைய ரத்தம் வேறு என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

இத்தனை பேரும் ஒரே இடத்தில்தான் வேலை பார்த்தார்கள். வார்ப்பட்டறையில் அச்சிலிருந்து எடுத்த இரும்புச் சாமான்கள் மேல் மண்ணும் கசடும் ஒட்டியிருக்கும். அதை உரிக்க ஒரு தனிக் கூடம் உண்டு. குழாயில் காற்றோடு மணலைச் சேர்த்துப் பீய்ச்சுவார்கள். சாமான் வெள்ளி மாதிரி ஆகிவிடும். பீய்ச்சுகிறவன் மாவுமில்லில் நிற்கிறவன் மாதிரி ஆகிவிடுவான். முகத்தில் கட்டிக்கொள்ள ஒரு துணி, அவ்வளவுதான் பாதுகாப்பு.

அந்தக் கூடத்துக்கு என் கடைசித் தம்பிதான் மேஸ்திரி. பதினாறு வயதில் மண் அள்ளப் போனவன். எழுத்து நன்றாக வரும் என்பதால் முப்பதில் மேஸ்திரி ஆனான். கண்ணாடிக் கதவு போட்ட ஒரு சின்ன அறை கொடுத்தார்கள். ஆனாலும் பதினாலு வருடத்துத் தூசியை அதற்கு முன்பே முழுங்கி முடித்திருந்தான். தினமும் காலையில் வேலை தொடங்குமுன் கூடத்து வாசலில் பன்னிரண்டு ஆட்களையும் நிறுத்தி ஜெபம் பண்ணுவான். சுருக்கமாகப் பண்ணுவான். ‘இன்றைக்கும் இவர்களுக்குச் சுகம் தாரும்’ என்று முடிப்பான். மற்றக் கூடத்து ஆட்கள்கூட அந்த நேரம் தொப்பியைக் கழற்றிவிட்டு நிற்பார்களாம்.

நாற்பத்து மூன்றாவது வயதில் அவனுக்கும் படியில் நிற்கிற வியாதி வந்தது. நான் பயந்து போனேன். எங்கள் கோயில் வாசலில் இரண்டு மரப்பெட்டிகள் இருக்கும். ஒன்று வியாதிக்காரருக்கு, இன்னொன்று இறந்துபோனவர்களுக்கு. சீட்டில் பெயரை மட்டும் எழுதிப் போட்டால் போதும். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை போதகர் வாசிப்பார். முதலில் வியாதிக்காரருக்காக உட்கார்ந்தபடி ஜெபம். பிறகு இறந்தவர்களின் பெயரை வாசித்ததும் எல்லாரும் எழுந்து ஒரு நிமிடம் சத்தமில்லாமல் நிற்பார்கள். இவருடைய வாழ்க்கைக்காக ஆண்டவருக்கு நன்றி என்று அவரவர் மனதில் சொல்லிக்கொள்ள வேண்டும்.

எனக்கு வாசிக்கத் தெரியாது. கீழ்வீட்டுப் பெண்ணிடம் தம்பி பெயரை எழுதி வாங்கிக்கொண்டு போய், எப்போதும் போல இடது பக்கத்துப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். அந்த வாரம் வாசலுக்கு வர்ணம் அடித்தார்கள். கழற்றிய பெட்டிகளை மாற்றி மாட்டிவிட்டார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

கடைசி ஞாயிறு. தம்பி மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து கைக்குட்டைக்குள் இருமிக்கொண்டிருந்தான். வியாதிக்காரர் பட்டியல் முடிந்தது. அவன் பெயர் வரவில்லையே என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, இறந்தவர்களின் பட்டியலில் நாலாவதாகப் போதகர் அவன் பெயரை வாசித்தார். புதிதாக வந்த போதகர், ஆள் அடையாளம் தெரியாது. சபை முழுவதும் எழுந்து நின்றது. தம்பி சுற்றுமுற்றும் பார்த்தான். பக்கத்தில் இருந்த தையல்காரர், “எழுந்திரு மேஸ்திரி, உனக்குத்தான் மரியாதை” என்றாராம். தம்பி எழுந்து நின்றான். தலையைக் குனிந்துகொண்டு, தனக்காகத் தானே ஒரு நிமிடம் நின்றான்.

ஆராதனை முடிந்ததும் போதகர் ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். வேர்த்துவிட்டது அவருக்கு. “பரவாயில்லைங்க, கொஞ்சம் முன்கூட்டியே படிச்சிட்டீங்க” என்றான் தம்பி. வாசலில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். அவன் பெண்டாட்டி மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். அதை இன்றைக்கும் மறக்கவில்லை.

மத்தியானம் என் வீட்டுக்கு வந்தான். திட்டத்தான் வருகிறான் என்று நினைத்தேன். தண்ணீர் வாங்கிக் குடித்தான்.

“அக்கா, அந்த ஒரு நிமிஷம் நானும் என்னைப் பத்தி நன்றி சொல்ல ஏதாவது தேடிப் பார்த்தேன். ஒண்ணும் வரல. ஆபீஸ் அலமாரிதான் வந்து நின்னுச்சு” என்றான்.

அலமாரி விஷயத்தை அன்றுதான் சொன்னான். வருடத்துக்கு ஒரு முறை ஒரு வண்டி வந்து கூடத்து ஆட்களுக்கெல்லாம் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு போகும். அது எனக்கும் தெரியும், என் வீட்டுக்காரரும் சட்டையைக் கழற்றி நின்றவர்தான். இரண்டு வாரம் கழித்துப் படங்கள் பழுப்பு உறைகளில் ஆபீசுக்கு வரும். டாக்டர் எழுதிய காகிதமும் உள்ளே இருக்கும். மேனேஜர் படித்துவிட்டு அலமாரியில் வைத்துப் பூட்டுவார். ஆட்களிடம் ‘எல்லாம் சுத்தம்’ என்று சொல்லுவது மேஸ்திரியின் வேலை. முதல் வருடம் தம்பி கேட்டிருக்கிறான். சொன்னால் பயந்து ஓடிவிடுவார்கள், கூடத்தை மூட வேண்டியதுதான், பன்னிரண்டு வீட்டில் உலை ஏறாது, உனக்குச் சம்மதமா என்று மேனேஜர் திருப்பிக் கேட்டாராம். அதற்குப் பிறகு தம்பி கேட்கவில்லை. பதிமூன்று வருடமாக, ‘சுத்தமா இருக்குப்பா’ என்று முதுகில் தட்டி அனுப்பியிருக்கிறான். அப்படி அனுப்பிய ஆட்களைத்தான் மறுநாள் காலையில் நிறுத்தி ஜெபம் பண்ணியிருக்கிறான்.

நான் கேட்டது ஒன்றுதான். “அப்ப இது ரத்தத்துல வந்தது இல்லையா?”

“மண்ணுதான்க்கா. வெறும் மண்ணு.”

திங்கட்கிழமை மேனேஜர் வருமுன் அலமாரியைத் திறந்து, ஆளுக்குக் கடைசியாக வந்த உறையை மட்டும் எடுத்து ஒரு கட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டான். சாவி அவனிடமும் ஒன்று இருந்தது. வாசல் காவல்காரர் என்ன பை என்று கேட்டதற்கு, ஆட்களோட போட்டோ என்று உண்மையையே சொல்லியிருக்கிறான். பையோடு என் வீட்டுப் படியில் பாதி தூரம்தான் ஏற முடிந்தது. அங்கேயே உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டான்.

ஆளாளுக்கு அவரவர் வீட்டில் கொடுக்க வேண்டும், கூடத்து வாசலில் வைத்து மொத்தமாகக் கொடுத்தால் மேனேஜர் பிடுங்கிவிடுவார், அதோடு ஒவ்வொருவன் முகத்தையும் பார்த்து நான் சொன்னது பொய் என்று சொல்லியாக வேண்டும் என்றான். பையைத் தூக்க ஆள் வேண்டும். நான் தூக்குகிறேன் என்றேன். எண்ணிப் பார்த்தேன், பதின்மூன்று உறைகள். ஆட்கள் பன்னிரண்டு. மற்றது அவனுடையது என்று நினைத்துக்கொண்டேன்.

நாலு நாள், வேலை விட்டு ஆட்கள் வீடு திரும்புகிற சாயங்கால நேரத்தில் போனோம். முதல் வீடு ரொட்டிக்கடைக்கு மேலே ஒற்றை அறை. கைக்குழந்தைக்காரன். தம்பி உறையைப் பிரித்து, கறுப்புப் படத்தை ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பிடித்தான். வெளிச்சம் மங்கும் முன்னே காட்டிவிட வேண்டும் என்று அவனுக்கு அவசரம். இது விலா, இது இருதயம், இந்த வெள்ளைப் பொட்டுகள் எல்லாம் மண் என்று விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினான். நான் சுத்தம் என்று சொன்னது பொய், மன்னித்துக்கொள் என்றான். மருந்தில் கரையுமா என்று அவன் பெண்டாட்டி கேட்டாள். கரையாது. பின்னே எதற்கு வந்து சொல்கிறாய் என்றாள். இருக்கிற மண்ணோடு மேலும் சேராமல் இருக்க என்றான். அவள் குழந்தையைத் தோளில் மாற்றிக்கொண்டாள். பாதி நெஞ்சு இன்னும் கறுப்பாகத்தான் இருந்தது. கறுப்புதான் நல்லது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இரண்டாவது வீட்டில் அடி விழுந்தது. அந்த ஆளுக்குத் தம்பியைவிட வயது கூட. கன்னத்தில் ஒரு அறை, பிறகு அவரே தம்பியைத் தாங்கிப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார். நீ விழுந்து கிழுந்து செத்தா அந்தப் பழியும் எனக்கா என்றார். இன்னொரு வீட்டில் அண்ணனும் தம்பியும், இரண்டு உறை. அவர்கள் ஒருவர் படத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்களே தவிர எங்களைப் பார்க்கவே இல்லை.

எலும்பன் என்று ஒருவன். கூடத்திலேயே ரொம்பக் காலம் நிற்கிறவன். படத்தை வாங்காமலே சிரித்தான்.

“எனக்குத் தெரியும் மேஸ்திரி. ஒம்போது வருஷமாத் தெரியும். வெளியே ஒரு டாக்டர்கிட்ட காட்டினேன். நீ எப்பச் சொல்லுவேன்னுதான் பார்த்துக்கிட்டு இருந்தேன்.”

“ஏன்டா, தெரிஞ்சும் ஏன் நின்னே?”

“நீயும் தெரிஞ்சுதானே நின்னே?”

தம்பி உறையை அவன் கையில் வைத்துவிட்டு வாசலைத் தாண்டி வந்தான்.

புதன்கிழமை அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டதாக ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்கள். செத்தவன் என்று கோயிலிலேயே வாசித்தாகிவிட்டது, இனி என்னை எங்கே இருந்து நிறுத்துவார்கள் என்று அவன் பெண்டாட்டியிடம் சொல்லிச் சிரித்தானாம். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும்தான்.

வியாழக்கிழமை கடைசி வீடு. பாட்டுக்காரன் என்று எல்லாரும் கூப்பிடுகிற ஆள். கோயில் பாடகர் குழுவில் அடித்தொண்டையில் பாடுகிறவன். ஒரு வருடமாகவே பாதி வரியில் மூச்சு வாங்கி நின்றுவிடுவான், மற்றவர்கள் இழுத்துக்கொண்டு போவார்கள். மூன்று மாடி ஏறினோம். தம்பி ஒவ்வொரு மாடியிலும் கைப்பிடியில் சாய்ந்தான். இதற்குள் விஷயம் தெரிந்துவிட்டிருந்தது. கதவைப் பாதிதான் திறந்தான் பாட்டுக்காரன்.

“வாசல்ல நின்னு தினம் ஜெபம் பண்ணினியே மேஸ்திரி, அப்ப யாரைக் கூப்பிட்டே?”

தம்பி உறையை நீட்டினான்.

“அந்தப் படத்தை நீயே வச்சுக்க. அதை வாங்கினா உனக்கு மனசு லேசாயிடும். எதுக்கு ஆகணும்?”

கதவைச் சாத்திவிட்டான். கோபமாகச் சாத்தவில்லை, மெதுவாகத்தான்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் படியில் உட்கார்ந்தோம். தம்பி மூச்சுக்காகக் காத்திருந்தான். எனக்கு அவன்மேல் பரிதாபமும் எரிச்சலும் சேர்ந்து வந்தது. ஆண்டவர் மன்னித்துவிடுவார் என்று நம்புகிறவன்தானே நீ, வீட்டில் முழங்கால் போட்டு முடித்திருக்கலாமே, இப்படி ஊரெல்லாம் ஏறி இறங்கி அடிபட வேண்டுமா என்றேன்.

“மன்னிச்சிட்டாருன்னு நம்பினதாலதான்க்கா ஏற முடிஞ்சுது. இல்லைன்னா பயத்துலயே வீட்டுல கிடந்து செத்திருப்பேன்” என்றான். கொஞ்சம் பொறுத்து, “இன்னும் பத்து வருஷம் இருக்குன்னு டாக்டர் சொல்லியிருந்தா இதைச் செஞ்சிருக்கவே மாட்டேன். அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னு தள்ளியிருப்பேன். கொஞ்ச நாள்தான்னு ஆனப்புறம்தான் ஒரு நாள்ல எவ்வளவு செய்யலாம்னு தெரியுது. ஆண்டவர் எனக்கு நாளைக் குறைச்சது தண்டனை இல்லக்கா” என்றான்.

பையில் இரண்டு உறைகள் மீதி இருந்தன. ஒன்று பாட்டுக்காரனுடையது. மற்றதை எடுத்து, “உன்னுதையாவது உன் பெண்டாட்டிகிட்ட காட்டினியா?” என்று கேட்டேன்.

“என்னுது எடுக்கல. என் நெஞ்சுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா? வீட்டுக்குப் போகலாம் வா. இது உன் வீட்டுக்கு.”

எனக்கு அப்போதும் புரியவில்லை. என் வீட்டு ஜன்னலில் அதை வைத்து, மேல் மூலையில் வெள்ளையாக எழுதியிருந்த பெயரைப் படித்துக் காட்டினான். என் வீட்டுக்காரர் பெயர். பதினோரு வருடத்துக்கு முந்தைய படம். அவர் இறந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. இறந்தவர்கள் படத்தையெல்லாம் எரித்துவிடுவார்களாம். இதை மட்டும் எரிக்க மனம் வராமல் அலமாரியின் பின்னால் தள்ளி வைத்திருக்கிறான். முதல் நாள் முதல் வீட்டுக்கு நான் தூக்கிக்கொண்டு போனபோதே அது என் கையில்தான் இருந்திருக்கிறது.

“அப்பவே நிறுத்தியிருந்தா?” என்றேன்.

“கொஞ்ச வருஷம் கூட இருந்திருப்பார். எவ்வளவுன்னு தெரியாது.”

அந்த வருடம் படத்தின் முடிவு சொன்ன அன்றைக்கு அவர் சந்தோஷமாக இருந்தார். எல்லாம் சுத்தம் என்று உன் தம்பி சொல்லிவிட்டான், இருமல் வெறும் சளிதான் என்றார். எனக்குச் செருப்பு வாங்கி வந்தார். ஜன்னலில் அவருடைய விலாவெல்லாம் மரக்கிளை மாதிரி விரிந்து கிடந்தது. நடுவில் ஒரு பக்கம் சாய்ந்த நிழல். பதினேழு வருடம் பக்கத்தில் படுத்தவரின் உள்ளே அன்றுதான் பார்த்தேன். இரண்டு பக்கமும் வெள்ளை, வெள்ளையாக.

தம்பி முழங்கால் போடப் போனான். அவனால் குனிய முடியவில்லை. நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான்.

“போயிடு” என்றேன்.

வேறொன்றும் சொல்லவில்லை. அவன் போனான். ஒவ்வொரு படியிலும் நின்று நின்று இறங்குகிற சத்தம் கேட்டது. கடைசிப் படி வரைக்கும் கேட்டது. நான் எழுந்து போகவில்லை. நான் நல்லவளாக நடந்துகொண்டேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் நடந்தது இதுதான்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் போகவில்லை. திங்கட்கிழமை காலையில் அவன் பெண்டாட்டி வந்தாள். வாசலிலேயே நின்றாள். எழுந்திருக்க முடியவில்லை, பேச்சும் குறைந்துவிட்டது, பாட்டுக்காரன் படத்தை வாங்கினானா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்றாள். உங்களை வரச் சொல்லவில்லை, அந்த உறை எங்கே இருக்கிறது என்றுதான் கேட்கச் சொன்னான் என்றாள். உறை என் வீட்டுப் பையில்தான் கிடந்தது. அவளுக்கு அவனை விட்டுவிட்டு மூன்று மாடி ஏற நேரம் இல்லை.

நான் கிளம்பினேன். ஜெபம் பண்ணிவிட்டுக் கிளம்பினேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கோபம் அப்படியேதான் இருந்தது. ஆனால் ரொட்டிக்கடைக்கு மேலே இருந்தவன் அன்று காலையே வேறு வேலை தேடிப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டிருந்தேன். என் வீட்டுக்காரருக்குச் சொல்ல யாரும் படி ஏறவில்லை. பாட்டுக்காரன் பெண்டாட்டி என்னைப் போல ஜன்னலோரம் நிற்கக் கூடாது, அவ்வளவுதான் மனதில் இருந்தது.

பாட்டுக்காரன் வேலைக்குப் போகாமல் வீட்டில்தான் இருந்தான். என்னைப் பார்த்ததும், “செத்தாச்சா?” என்று கேட்டான்.

“இன்னும் இல்ல. அவன் சாகுறதுக்குள்ள வாங்கிக்க. வாங்கினேன்னு நான் போய்ச் சொல்லணும்.”

“உங்க வீட்டுக்காரரும் அதே கூடம்தானேக்கா. நீங்க எப்படி அவனுக்காக வர்றீங்க?”

“அவனுக்காக வரல. அவரோட படத்தை எங்கிட்ட பதினோரு வருஷம் கழிச்சுக் கொடுத்தான். உன் பெண்டாட்டிக்கு இன்னைக்கே கிடைக்கட்டும்.”

உள்ளே அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அந்தப் பெண் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அவனைத் தாண்டிக் கை நீட்டி, உறையை வாங்கிக்கொண்டாள். அவளே ஜன்னலுக்குக் கொண்டுபோனாள். எது விலா, எது இருதயம் என்று நான் சொல்லிக் கொடுத்தேன். தம்பி சொன்ன மாதிரியே கறுப்பு, வெள்ளை எல்லாம் சொன்னேன். பாட்டுக்காரன் கிட்டே வரவில்லை, ஆனால் தூரத்திலிருந்து பார்த்தான்.

தம்பி வீட்டில் நாலு தலையணையில் சாய்ந்திருந்தான். உதடு நீலம் பூத்திருந்தது. நான் உள்ளே போனதும் கண்ணைத் திறந்தான்.

“வாங்கிக்கிட்டாங்க.”

“வெளிச்சத்துல பார்த்தானா?” அதைச் சொல்லவே அவனுக்கு மூன்று மூச்சு ஆயிற்று.

“பார்த்தான்.”

பன்னிரண்டு பேரில் நாலு பேர் அந்த வாரத்திலும் அடுத்த வாரத்திலும் கூடத்தை விட்டுப் போனார்கள். பாட்டுக்காரன் அதில் ஒருவன். மற்றவர்கள் நின்றார்கள், வீட்டில் பசி இருந்தது. போனவர்கள் இடத்துக்குப் புது ஆட்களும் வந்தார்கள். எலும்பன் அடுத்த மழைக்குள் இறந்துவிட்டான். பெரிதாக எதுவும் மாறிவிடவில்லை.

உறையைக் கொடுத்துவிட்டு வந்த அன்று தம்பி என்னிடம் மன்னிப்பு என்ற வார்த்தையைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஜெபம் பண்ணு அக்கா என்றான். எனக்குப் பெரிய ஜெபமெல்லாம் தெரியாது. அவன் நெஞ்சின் மேல் கையை வைத்தேன். உள்ளே மணல் மூட்டையை இழுக்கிற மாதிரி கரகரவென்று சத்தம். அவன் தினமும் சொல்லுகிற ஜெபத்தைச் சொல்ல வாயெடுத்தேன், சுகம் தாரும் என்று வாய் வரவில்லை. ஆண்டவரே, இவன் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான், நீர் பார்த்துக்கொள்ளும் என்றேன். ஆமென் என்று அவன்தான் சொன்னான்.

மூன்றாம் நாள் காலை, அவன் பெண்டாட்டி முகம் கழுவப் போயிருந்த நேரம், நான் பக்கத்தில் இருந்தபோது போனான். நாற்பத்து மூன்று வயது, ஏழு மாதம்.